கரண்ட் வந்ததும் தானாக எழ: கணினி தொடங்கும்போது சர்வீஸ்கள் ஏறும் விதம்

குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் சேர்ந்து வரும் நாட்கள். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். வாசலில் எடைமேடை, அதை ஒட்டி ஓர் அறை, அறைக்குள் லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி. நெல் வண்டி மேடையில் ஏறியதும் இண்டிகேட்டர் காட்டும் எடையைக் கணினி கேபிள் வழியாக வாங்கி, டேட்டாபேஸில் பதிந்து, சீட்டு அடித்துக் கொடுக்கும். கரண்ட் ஒரே நாளில் நாலைந்து தடவை போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் யாராவது உள்ளே போய் லாகின் செய்து இரண்டு கட்டளை அடித்தால்தான் எடை வரும் என்றால், அந்த வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். வண்டிகள் ரோடு வரை வரிசை கட்டும். கட்டளை தெரிந்தவர் தஞ்சாவூரில் இருப்பார்.

இப்படிப் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய புரோகிராமுக்கு சர்வீஸ் என்று பெயர். கரண்ட் வந்தால் யார் கையும் படாமல் எல்லா சர்வீஸும் எழ வேண்டும். அதற்கு "எனேபிள்" என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். போதாது. எனேபிள் எதைச் செய்கிறது, எதைத் தொடுவதே இல்லை என்று தெரிந்துகொண்டாலே இந்தத் தொல்லையில் முக்கால்வாசி தீரும். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. கணினியில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எனேபிள் என்பது ஒரு லிங்க்

இன்றைய லினக்ஸ் வகைகள் பெரும்பாலானவற்றில், கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏறியதும் முதலில் ஓடும் புரோகிராம் சிஸ்டம்டி. மற்ற சர்வீஸ்களை ஏற்றுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. அதன் புரோசஸ் எண் 1. லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010-ல் தொடங்கிய இதற்கு ஃபெடோரா 2011-லும், ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் 2014-லும், டெபியனும் உபுண்டுவும் 2015-லும் மாறின. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால் இங்கே சொல்வது அதற்கும் பொருந்தும்.

அதற்கு முந்தைய சிஸ்-வி முறையில் ஆர்சி2.டி போன்ற கோப்பகங்களில் எஸ்20, எஸ்91 என்று எண் போட்ட லிங்க்குகள் (வேறிடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் குறிகள்) இருக்கும். எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். சிஸ்டம்டி அந்த எண்களை எடுத்துவிட்டது. ஒவ்வொரு சர்வீஸும் தனக்கு யார் வேண்டும், யாருக்குப் பின்னால் வர வேண்டும் என்பதைத் தன் கோப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். ஒன்றை ஒன்று சாராதவை ஒரே நேரத்தில் ஏறும். இதனால் கணினி சீக்கிரம் எழுகிறது. வரிசையை எழுதாமல் விட்டால் வரிசையே கிடையாது என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

நம் ஆலைக் கணினியில் "/இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/எடைமேடை.சர்வீஸ்" என்று ஒரு யூனிட் கோப்பு, அதாவது அந்த சர்வீஸைப் பற்றி சிஸ்டம்டி படிக்கும் குறிப்பு. உள்ளே மூன்று பகுதிகள். "யூனிட்" பகுதியில் சார்பும் வரிசையும். "சர்வீஸ்" பகுதியில் எந்தப் புரோகிராம், யார் பெயரில் ஓடும், விழுந்தால் என்ன செய்வது. "இன்ஸ்டால்" பகுதியில் பெரும்பாலும் ஒரே வரி: "வான்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட்". டார்கெட் என்பது கணினி எழும்போது எட்ட வேண்டிய ஒரு நிலை.

"சிஸ்டம்சிடிஎல் எனேபிள் எடைமேடை" என்று அடித்தால், இந்தக் கடைசிப் பகுதி மட்டும் படிக்கப்படுகிறது. "மல்ட்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ்" என்ற கோப்பகத்தில் நம் கோப்புக்கு ஒரு லிங்க் விழுகிறது. நடப்பது இது ஒன்றுதான். அடுத்த முறை கணினி எழும்போது சிஸ்டம்டி அந்த டார்கெட்டை எட்டப் பார்க்கும்; அங்கே தொங்கும் லிங்க்குகளையெல்லாம் கூப்பிடும். டிசேபிள் என்றால் அந்த லிங்க்கை அறுப்பது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை அது நிறுத்தாது.

மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதால் அன்றைக்கே கடைமடையில் நாற்றங்கால் நனைந்துவிடாது. கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து, ஒவ்வொரு தலைப்பிலும் ஷட்டர் ஏறி, கடைசி வாய்க்கால் தூர் வாரியிருந்தால்தான் தண்ணீர் வயலுக்கு வரும். எனேபிள் மேலே திறந்துவிட்ட மதகு. கீழே இருப்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் என்ற கட்டளை இதற்கு நேர் எதிர்: இப்போதைக்கு வயலில் தண்ணீர் பாய்ச்சும், நாளைக்கு எதையும் விட்டுவைக்காது. "ஸ்டார்ட்" கொடுத்துப் பார்த்து, எடை வருகிறது என்று திருப்தியாகி வீட்டுக்குப் போய்விடுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. முதல் கரண்ட் கட்டில் அது தெரிந்துவிடும். இரண்டும் ஒரே வீச்சில் வேண்டுமானால் "எனேபிள் --நவ்".

இப்போதைய நிலையைப் பார்க்க "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எடைமேடை". இரண்டாவது வரியில் லோடட் என்று தொடங்கி, அடைப்புக்குள் கோப்பின் பாதை, அரைப்புள்ளி, "எனேபிள்ட்" அல்லது "டிசேபிள்ட்", இன்னொரு அரைப்புள்ளி, பிறகு "ப்ரீசெட்: எனேபிள்ட்" என்று வரும். கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டு எனேபிள் ஆகியிருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ப்ரீசெட் என்பது லினக்ஸ் வெளியிட்டவர்கள் பரிந்துரைத்த நிலை. நம் கணினியில் உண்மையில் உள்ள நிலை அதற்கு முந்தைய சொல். முந்தையது "டிசேபிள்ட்" என்றால் ப்ரீசெட் எதுவாக இருந்தாலும் கரண்ட் வந்த பிறகு அந்த சர்வீஸை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இந்த ப்ரீசெட் விஷயத்தில் டெபியன் குடும்பமும் ரெட்ஹாட் குடும்பமும் வேறு வேறு வழக்கம் வைத்திருக்கின்றன. உபுண்டுவில் மரியாடிபி என்ற டேட்டாபேஸை நிறுவினால் அது அப்போதே ஓடத் தொடங்கி எனேபிளும் ஆகிவிடும். ரெட்ஹாட் குடும்பத்து ஆல்மாலினக்ஸ், ராக்கி போன்றவற்றில் நிறுவிய பிறகு நாம்தான் எனேபிள் செய்ய வேண்டும். உபுண்டுவில் பழகிய கை அங்கே போகும்போது இந்தப் படியை மறந்துவிடுகிறது.

எனேபிள் செய்ய முடியாத சர்வீஸ்களும் உண்டு. "ஸ்டாட்டிக்" என்று காட்டினால் அதற்கு இன்ஸ்டால் பகுதியே இல்லை, வேறொரு யூனிட் கூப்பிடும்போது மட்டும் வரும் என்று பொருள். டிசேபிள் செய்தும் மறுபடி எழுவதும் உண்டு. அச்சு வேலை பார்க்கும் கப்ஸ் நல்ல உதாரணம்: கப்ஸ்.சர்வீஸை அணைத்தாலும் கப்ஸ்.சாக்கெட் காதைத் திறந்து வைத்திருக்கும். யாராவது பிரிண்ட் கொடுத்ததும் சர்வீஸை எழுப்பிவிடும். எந்த வழியிலும் எழக் கூடாது என்றால் "மாஸ்க்" கொடுக்க வேண்டும். அது யூனிட்டின் பெயரை "/டெவ்/நல்" என்ற வெற்றிடத்துக்குக் கட்டிவிடும். மாஸ்க் கடுமையான மருந்து. போட்டவர் எங்காவது எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் ஏன் ஏறவில்லை என்று அரை நாள் தேடுவார்.

பின்னால் வருவதும், வேண்டும் என்பதும்

திருவாரூர் தேரோட்டத்தில் பிள்ளையார் தேர் முன்னால், சண்டிகேசுவரர் தேர் கடைசியில். இது வரிசை. இன்றைக்குப் பிள்ளையார் தேர் புறப்படுகிறதா என்பது வேறு கேள்வி. யூனிட் கோப்பில் "ஆஃப்டர்" வரிசையை மட்டும் சொல்கிறது: இரண்டும் புறப்பட்டால் இது பின்னால் வரும். மற்றதைப் புறப்பட வைப்பது "வான்ட்ஸ்" அல்லது "ரிக்வயர்ஸ்". வான்ட்ஸ் என்றால் கூப்பிடு, வராவிட்டாலும் நான் ஏறுகிறேன். ரிக்வயர்ஸ் என்றால் அது ஏறத் தவறினால் நானும் ஏற மாட்டேன், அதை நிறுத்தினால் நானும் நிற்கிறேன்.

"ரிக்வயர்ஸ்=மரியாடிபி.சர்வீஸ்" என்று மட்டும் எழுதி, ஆஃப்டரை விட்டுவிட்டால் இரண்டும் ஒரே நொடியில் ஏறும். டேட்டாபேஸ் கண் விழிப்பதற்குள் நம் புரோகிராம் கதவைத் தட்டி, பதில் வராமல் விழுந்துவிடும். இதில் ஒரு வேதனை உண்டு: வேகமான எஸ்எஸ்டி உள்ள கணினியில் பத்துக்கு ஒன்பது முறை சரியாகவே வரும். பத்தாவது முறை கரண்ட் போய் வந்த பிறகு, டேட்டாபேஸ் பழைய பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தவறும். ஆகவே "வான்ட்ஸ்", "ஆஃப்டர்" இரண்டையும் எழுதுங்கள். நம் ஆலைக்கு ரிக்வயர்ஸை விட வான்ட்ஸ் நல்லது. டேட்டாபேஸை அப்டேட்டுக்காக ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் ரிக்வயர்ஸ் எடைமேடையையும் கையோடு நிறுத்திவிடும்.

ஆஃப்டர் எழுதியும் தவறுகிறது என்றால் "டைப்" வரியைப் பார்க்க வேண்டும். "சிம்பிள்" வகை சர்வீஸைப் பொறுத்தவரை புரோசஸ் பிறந்த கணமே "ஏறிவிட்டது" என்று சிஸ்டம்டி எண்ணிக்கொள்ளும். அது வேலைக்குத் தயாரா என்று பார்ப்பதில்லை. "நோட்டிஃபை" வகை, தயாரானதும் தானே குரல் கொடுக்கும். மரியாடிபி நோட்டிஃபை வகை என்பதால் அதற்குப் பின்னால் நிற்பதில் அர்த்தம் உண்டு. நாமே எழுதிய சிறு சர்வருக்குப் பின்னால் இன்னொன்றை நிறுத்தினால், சிம்பிள் வகையில் அந்த வரிசை பெயரளவுக்குத்தான். "ஃபோர்க்கிங்" என்பதை அறியாமல் போடுவது இன்னொரு பிழை. முன்னணியிலேயே ஓடும் புரோகிராமுக்கு அதைப் போட்டால், பின்னணிக்குப் போகும் என்று சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கொன்றுவிடும்.

அந்த 90 நொடி "டைம்அவுட்-ஸ்டார்ட்-செக்" என்பதன் இயல்பான அளவு. பெரிய டேட்டாபேஸ் திடீர்க் கரண்ட் கட்டுக்குப் பிறகு தன்னைச் சரிசெய்துகொள்ள அதற்கு மேலும் நேரம் எடுக்கலாம். பாதியில் அடித்து நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து சரிசெய்யத் தொடங்கும், மறுபடி 90 நொடியில் அடி விழும். இப்படிச் சுற்றும் கணினியைப் பார்த்தால் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து அழிக்கப் போய்விடாதீர்கள். முதலில் அந்த அளவை 900 ஆக்கிவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள்.

மாற்றங்களைச் செய்யும் இடமும் முக்கியம். "/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்" என்பது பேக்கேஜ்களின் வீடு. அங்கே கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் நம் மாற்றம் அழிந்துவிடும். "சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி" என்றால் "/இடிசி" பக்கம் ஒரு சின்ன மேல்கோப்பு உருவாகும். மாற்ற வேண்டிய வரியை மட்டும் அதில் எழுதினால் போதும். ஒரே ஒரு பொறி: எந்தப் புரோகிராமை ஓட்டுவது என்று சொல்லும் "எக்செக்-ஸ்டார்ட்" வரியை மாற்றுவதானால் முதலில் அதை வெறுமையாக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் புதியதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு எக்செக்-ஸ்டார்ட் இருக்கிறது என்று மறுத்துவிடும். கோப்பைக் கையால் திருத்தினால் "டீமன்-ரீலோட்" கொடுத்தால்தான் சிஸ்டம்டி மறுபடி படிக்கும். இன்ஸ்டால் பகுதியைத் திருத்தினால் அதுவும் போதாது. பழைய லிங்க் பழைய இடத்திலேயே தொங்கும். "ரீ-எனேபிள்" கொடுக்க வேண்டும்.

கேபிளில் தொங்கும் சர்வீஸ்

எடைமேடை இண்டிகேட்டரிலிருந்து வருவது ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் போர்ட் வகைக் கேபிள். புதிய கணினிகளில் அந்தத் துளை இல்லாததால் நடுவில் யூஎஸ்பி கன்வெர்ட்டர். அது "டிடிஒய்யூஎஸ்பி0" என்ற பெயரில் தோன்றும். பார்கோடு கருவி ஒன்றும் அதே வகைக் கன்வெர்ட்டரில் இருந்தால், எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு 0, மற்றதற்கு 1. ரீபூட்டில் மாறிப்போகலாம். அப்போது எடை வர வேண்டிய இடத்தில் பார்கோடு எண் வரும். இதற்கு யூடெவ் (செருகும் கருவிகளுக்குப் பெயர் வைக்கும் பகுதி) விதி ஒன்று எழுதி, வெண்டர் எண்ணையும் புராடக்ட் எண்ணையும் வைத்து "/டெவ்/எடைமேடை" என்று நிலையான பெயர் கொடுக்கலாம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிஎச்340 கன்வெர்ட்டருக்கு அந்த எண்கள் 1ஏ86, 7523. இந்த வகையில் தனித்தனி சீரியல் எண் கிடையாது என்பதால், ஒரே மாதிரி இரண்டு இருந்தால் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். துளைக்கு மேலே பெயிண்ட்டால் குறி போட்டுவிடுங்கள். கூட்டித் துடைப்பவர் மாற்றிச் செருகாமல் இருக்க அதுதான் வழி.

இப்போது எனேபிளுக்குத் திரும்புவோம். லிங்க்கை மல்ட்டி-யூசர் டார்கெட்டில்தான் தொங்கவிட வேண்டும் என்று சட்டமில்லை. "பைண்ட்ஸ்-டு=டெவ்-எடைமேடை.டிவைஸ்", "ஆஃப்டர்" வரியிலும் அதே டிவைஸ், இன்ஸ்டால் பகுதியில் "வான்டட்பை=டெவ்-எடைமேடை.டிவைஸ்" என்று எழுதி எனேபிள் செய்தால், லிங்க் அந்த டிவைஸின் பெயரில் விழும். கன்வெர்ட்டர் கண்ணில் பட்டதும் சர்வீஸ் ஏறும், பிடுங்கினால் நிற்கும், மறுபடி செருகினால் மறுபடி ஏறும். இதையே மல்ட்டி-யூசரில் தொங்கவிட்டு பைண்ட்ஸ்-டு மட்டும் எழுதியிருந்தால், கன்வெர்ட்டர் இல்லாத நாளில் அந்த டிவைஸுக்காக ஒன்றரை நிமிஷம் காத்திருந்துவிட்டுக் கைவிட்டுவிடும்; பிறகு செருகினாலும் எழாது. எலி கடித்த கேபிளை மாற்றிச் செருகியும் எடை வரவில்லை என்று தொலைபேசி வந்தால், இந்த ஒரு வரிதான் காரணமாக இருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்வெர்ட்டருக்குக் கணினியிலிருந்தே மின்சாரம் போகிறது. இண்டிகேட்டருக்குத் தனி பிளக். இண்டிகேட்டர் அணைந்திருந்தாலும் டிவைஸ் இருக்கும், சர்வீஸ் ஏறும், கேபிளில் மட்டும் மௌனம். அந்த மௌனத்தை "எடை பூஜ்யம்" என்று பதியாமல் "எடை வரவில்லை" என்று திரையில் காட்டுவது புரோகிராம் எழுதியவரின் கடமை. விவசாயியின் நெல் அதில் இருக்கிறது.

உபுண்டு 22.04-ல் சிஎச்340 கன்வெர்ட்டரைச் செருகியதும் அது தோன்றி மறைந்துவிடுவது உண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் பலகைகளுக்கு உதவும் பிஆர்எல்டிடிஒய் என்ற சர்வீஸ், அதே எண் கொண்ட கருவியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். அந்தக் கணினியில் பிரெய்ல் பலகை யாரும் பயன்படுத்தவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு அந்தப் பேக்கேஜை நீக்கினால் கேபிள் நிலைத்து நிற்கும்.

கையால் ஓட்டும்போது வேலை செய்து, சர்வீஸாக ஓட்டினால் விழுவதற்கு வழக்கமான காரணங்கள் சில. "யூசர்" வரியில் உள்ள பயனர் "டயல்அவுட்" குழுவில் இல்லாவிட்டால் சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்காது. நாம் சூடோ போட்டு, அதாவது முழு அதிகாரத்தோடு ஓட்டியதால் அது தெரிந்திருக்காது. வேலைக் கோப்பகம் இயல்பாக "/" என்பதால், "./செட்டிங்ஸ்" என்று எழுதிய பாதை எங்கோ தேடும். பாஷ்-ஆர்சியில் (நாம் டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் கோப்பில்) வைத்த மாறிகள் எதுவும் சர்வீஸுக்குத் தெரியாது. எக்செக்-ஸ்டார்ட் ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளைப் படிக்கும் புரோகிராம்) கிடையாது என்பதால் பைப்பும் திசைமாற்றக் குறியும் அதில் செல்லாது. பைத்தான் புரோகிராம் அச்சிடும் வரிகள் லாகில் (நடந்தவற்றைப் பதியும் இடத்தில்) உடனே வராமல் தேங்கி நிற்கும்; "பைத்தான்அன்பஃபர்ட்=1" என்று சூழல் மாறி வைத்தால் உடனுக்குடன் வரும்.

விழுந்தால் எத்தனை முறை தூக்குவது

"ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்" என்று எழுதிவிட்டால் எத்தனை முறை விழுந்தாலும் தூக்கிவிடும் என்று நம்பக் கூடாது. இரண்டு தூக்கலுக்கு இடையில் இயல்பான இடைவெளி 100 மில்லிநொடி. 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் ஏற்ற முயன்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குவிக்லி" என்று லாகில் எழுதிவிட்டு ஃபெயில்ட் நிலையில் உட்கார்ந்துவிடும். டேட்டாபேஸ் எழ 20 நொடி ஆகிறது, நம் புரோகிராம் ஒவ்வொரு முறையும் அரை நொடியில் விழுகிறது என்றால், 3 நொடிக்குள் ஐந்து வாய்ப்பும் காலி. டேட்டாபேஸ் எழுந்து நிற்கும்போது தூக்கிவிட யாரும் இருக்க மாட்டார்கள்.

"ரீஸ்டார்ட்-செக்=10" என்று ஒரே வரி இதைத் தீர்த்துவிடும். பத்து நொடி இடைவெளி என்றால் பத்து நொடிக்குள் ஐந்து முறை என்ற வரம்பைத் தொடவே முடியாது; விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ஆளில்லாத இடத்தில் இருக்கும் கணினிக்கு "ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்" இன்னும் பொருத்தம், ஏனெனில் பிழையில்லாமல் வெளியேறினாலும் அது தூக்கிவிடும். ஏற்கெனவே கைவிடப்பட்ட சர்வீஸுக்கு "ரீசெட்-ஃபெயில்ட்" கொடுத்துவிட்டு ஸ்டார்ட் கொடுக்கலாம்.

நெட்டை நம்பி எடையை நிறுத்தாதீர்கள்

கரண்ட் வந்ததும் கணினி அரை நிமிஷத்தில் எழுந்துவிடும். ஃபைபர் மோடம் எழுந்து லைன் பிடிக்க அதைவிட நேரமாகும். தெருமுனைப் பெட்டியில் கரண்ட் இல்லாவிட்டால் மணிக்கணக்கு. யூனிட் கோப்பில் "ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்" என்று எழுதினால் நெட் வந்த பிறகு ஏறும் என்று நினைப்பது பரவலான தவறு. அந்த டார்கெட் ஏறும்போது ஐபி முகவரி வந்திருக்க வேண்டும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அணையும்போதுதான் அதற்கு உண்மையான பயன். முகவரி வரும் வரை காத்திருக்க வேண்டுமானால் "நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்", அதையும் வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் எழுத வேண்டும். சிஸ்டம்டியின் சொந்த நெட்வொர்க் சர்வீஸான நெட்வொர்க்டி பயன்படுத்தும் கணினியில் அதன் காத்திருப்பு இயல்பாக 120 நொடி. அதற்குள் வராவிட்டால் காத்திருந்தது தோற்றுப்போய், வான்ட்ஸ் எழுதிய சர்வீஸ்கள் நெட் இல்லாமலே ஏறும்.

ஆகவே எடைமேடை சர்வீஸில் நெட்வொர்க் என்ற சொல்லே வரக் கூடாது. எடையும் சீட்டும் உள்ளேயே முடிய வேண்டும். தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்புவதைத் தனி சர்வீஸாக்கி, "ஒன்ஷாட்" (ஒரு முறை ஓடி முடியும்) வகையில் வைத்து, டைமர் ஒன்றால் ஓட்டுங்கள். டைமரில் "ஆன்-காலண்டர்" கொடுத்து "பெர்சிஸ்டன்ட்=ட்ரூ" என்றும் எழுதினால், ஓட வேண்டிய நேரத்தில் கணினி அணைந்திருந்தாலும் எழுந்ததும் விட்டுப்போனதை ஒரு முறை ஓட்டிவிடும். நேரத்துக்கு வேலையை ஓட்டும் பழைய முறையான க்ரானில் எழுதிய வேலைக்கு இந்த நினைவு கிடையாது. இரவு 11 மணிக்கு பேக்கப் என்று க்ரானில் போட்டு, 11 மணிக்குக் கரண்ட் இல்லாவிட்டால் அன்றைய பேக்கப் இல்லை. எனேபிள் செய்ய வேண்டியது டைமரை. அது கூப்பிடும் சர்வீஸை எனேபிள் செய்தால் ஒவ்வொரு பூட்டிலும் அது தனியாக ஓடும்.

கணினியே எழாவிட்டால்

மேலே சொன்ன எல்லாம் கணினி எழுந்த பிறகு. பயாஸில் (லினக்ஸுக்கு முன் ஓடும், போர்டிலேயே உள்ள புரோகிராமில்) "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்ற அமைப்பு பல போர்டுகளில் "பவர் ஆஃப்" என்றுதான் வரும். அதைப் "பவர் ஆன்" என்று மாற்றாவிட்டால் கரண்ட் வந்தும் கணினி அணைந்தே கிடக்கும். போர்டில் உள்ள 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும், சில போர்டுகளில் இந்த அமைப்பும் பழையபடி ஆகிவிடும். பிறகு சீட்டில் தேதி தவறாக விழும். "சிஸ்டம்டி-டைம்சிங்க்டி" கடைசியாகத் தெரிந்த நேரத்துக்குப் பின்னால் போகாமல் பிடித்து நிறுத்தும். சரியான நேரத்துக்கு நெட் வர வேண்டும். பேட்டரியை மாற்றுவதுதான் மலிவு.

யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல். பேட்டரி குறைந்ததும் யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் போன்ற மென்பொருள் கணினியை ஒழுங்காக அணைத்துவிடுகிறது. யூபிஎஸ் முழுதாகத் தீர்வதற்கு முன்பே கரண்ட் வந்துவிட்டால், கணினிக்குப் போகும் மின்சாரம் ஒரு கணமும் அறுபடவில்லை. பயாஸைப் பொறுத்தவரை பவர் லாஸே நடக்கவில்லை, அது எழுப்பாது. அணையும்போது யூபிஎஸ்ஸையே தன் வெளியீட்டை ஒரு முறை அறுத்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும்படி நட்டில் அமைக்க வேண்டும். எல்லா யூபிஎஸ்ஸும் இதைச் செய்யாது. வாங்கும் முன் கேளுங்கள்.

மூன்றாவது, பேக்கப்புக்காகச் செருகிய வெளி டிஸ்க். எழும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் "/இடிசி/எஃப்எஸ்டேப்" கோப்பில் அதைச் சேர்க்கும்போது "நோஃபெயில்" என்ற சொல்லை விட்டுவிட்டால், டிஸ்க் இல்லாத நாளில் 90 நொடி காத்திருந்துவிட்டுக் கணினி எமர்ஜென்சி நிலையில் நின்று ரூட் பாஸ்வேர்டு கேட்கும். ஆலை மேலாளருக்கு அந்தக் கறுப்புத் திரையை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. "நோஃபெயில்" என்பதோடு "எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10" என்றும் சேர்த்தால் பத்து நொடியில் நகர்ந்துவிடும்.

விண்டோஸ் கணினியாக இருந்தால் சர்வீசஸ் சாளரத்தில் ஸ்டார்ட்அப் டைப் நான்கு: ஆட்டோமேட்டிக், ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட், மேனுவல், டிசேபிள்ட். டிலேய்டு என்றால் மற்றவை ஏறி சுமார் இரண்டு நிமிஷம் கழித்து. மெதுவாக எழும் டேட்டாபேஸை நம்பியிருக்கும் சர்வீஸுக்கு அது உதவும். ரெகவரி தாவலில் முதல், இரண்டாம், அதற்கடுத்த தோல்விகளுக்கு ரீஸ்டார்ட் என்று மூன்றிலும் போட வேண்டும். மூன்றாவதை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் ஷட்டவுன் செய்து ஏற்றுவது முழுப் பூட் ஆகாது. சர்வீஸ்கள் தூக்கத்திலிருந்து எழுவது போலத் தொடரும். சோதிக்க ரீஸ்டார்ட் கொடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழும் கணினிக்கும், ரீபூட் கட்டளையில் எழும் கணினிக்கும் நிறைய வித்தியாசம். ரீபூட்டில் டேட்டாபேஸ் ஒழுங்காக மூடியிருக்கும், மோடம் எழுந்தே இருக்கும், இண்டிகேட்டர் அணைந்திருக்காது. கரண்ட் கட்டில் இந்த மூன்றும் தலைகீழ்.

எனவே ஒப்படைக்கும் முன், உண்மையான கணக்கு ஏறுவதற்கு முன்பே, பேக்கப் எடுத்துக்கொண்டு அறையின் மெயினை அணையுங்கள். லாக் தங்க வேண்டும் என்பதால் அதற்கு முன் "/வார்/லாக்/ஜர்னல்" கோப்பகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் சில லினக்ஸ் வகைகளில் முந்தைய பூட்டின் லாக் அழிந்துவிடும். ஐந்து நிமிஷம் கழித்து மெயினைப் போடுங்கள். விசைப்பலகையைத் தொட வேண்டாம். மேடையில் ஓர் ஆளை ஏற்றி நிறுத்தி எடை தெரிகிறதா, சீட்டு சரியான தேதியோடு விழுகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரமானது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒரு முறை. யூஎஸ்பி கன்வெர்ட்டரைக் கழற்றி வைத்து, கணினி எழுந்த பின் செருகி ஒரு முறை. பேக்கப் டிஸ்க் இல்லாமல் ஒரு முறை.

எது தவறினாலும் "சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்" விழுந்தவற்றைக் காட்டும். "ஜர்னல்சிடிஎல் -பி -யூ எடைமேடை" இந்தப் பூட்டில் அது ஏன் விழுந்தது என்று சொல்லும், "-பி -1" என்றால் போன பூட்டில். எழுவதற்கு நேரமாகிறது என்றால் "சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்" பாருங்கள்; எந்த சர்வீஸ் எதற்காகக் காத்து நின்றது என்ற சங்கிலி அதில் இருக்கும். "பிளேம்" பட்டியலில் மேலே நிற்பது எல்லாம் குற்றவாளி ஆகாது, ஏனெனில் ஓரமாக நேரம் எடுத்துக்கொண்ட சர்வீஸ் வேறு யாரையும் நிறுத்தி வைத்திருக்காது.

நான்கு முறையும் கை படாமல் சீட்டு விழுந்தால், யூனிட் கோப்பையும் யூடெவ் விதியையும் எஃப்எஸ்டேப் வரியையும் பயாஸ் அமைப்பையும் ஒரு தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அறைச் சுவரில் கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுத்து வந்து பார்க்கிறவர் கையில் முதலில் கிடைக்க வேண்டியது அந்தத் தாள்.